கேபினில் 32 டிகிரி: கேஸ் போட்டால் சரியாகுமா?

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடிக்காரன். கல், தானியம் மாதிரி சரக்கைக் கொட்டி ஏற்றும் ஒரு பல்க் கேரியர் கப்பலில் ஃபோர்த் இன்ஜினியர். கப்பல் 2010-இல் கட்டியது, மொத்தம் 22 பேர். மூன்று மாதமாக அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் சக்ர் துறைமுகத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு வளைகுடாவுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறோம். மேலே கேப்டன் கேபினில் 24 டிகிரி. குடியிருப்பின் கீழ்த்தளமான அப்பர் டெக்கில் ஆயிலர் (இன்ஜின் ரூம் உதவியாளர்), மெஸ்மேன் (சாப்பாட்டறைப் பணியாளர்) கேபின்களில் நடுராத்திரியிலும் 32. ஆயிலர் இன்ஜின் கண்ட்ரோல் ரூம் தரையில் அட்டை விரித்துப் படுக்கிறார். வாரம் ஒருமுறை ஏசிக்கு ஆர்-404ஏ என்கிற குளிரூட்டும் கேஸ் போடுகிறோம். அப்படியும் மதியத்தில் ஹை பிரஷரில் ட்ரிப் ஆகி நின்றுவிடுகிறது. கேஸின் சூட்டை வாங்கிக்கொள்ளும் கடல்நீர் கண்டென்சருக்குள் 34 டிகிரியில் போய் 37-இல் வெளியே வருகிறது. கேஜில் கண்டென்சிங் டெம்பரேச்சர், அதாவது கேஸ் திரவமாகும் சூடு, 54 காட்டுகிறது. வெளிக்காற்றை உள்ளே விடும் ஃபிரெஷ் ஏர் டாம்பர் முழுசாகத் திறந்தபடி துருப்பிடித்து நிற்கிறது, கொரோனா சமயத்தில் திறந்தது என்கிறார்கள். கம்பெனி இரண்டு போர்ட்டபிள் ஏசி அனுப்புகிறேன் என்கிறது. பெரிய கம்ப்ரசர் கேட்கலாமா? புகார் கொடுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தில் என் மனசில் நின்றது அந்த அட்டைதான். ரெஸ்ட் ஹவர் ஷீட்டில் 24 மணி நேரத்துக்கு 10 மணி நேர ஓய்வு என்று நிரப்பிவிடலாம். ஆனால் அலாரம் அடிக்கிற அறையில், விளக்கு வெளிச்சத்தில், தரையில் படுத்து எடுப்பது ஓய்வில் சேராது. அந்த மனிதர் மறுநாள் எண்ணெயைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையரைத் திறக்கிறார், பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். அதனால் இதை வெறும் வசதிக் குறைவு என்று யாரும் ஒதுக்க விடாதீர்கள். இது பாதுகாப்பு விஷயம்.

பெரிய கம்ப்ரசர் கேட்க வேண்டாம். கேப்டன் கேபினில் 24 இருக்கிறதே, அதுவே சாட்சி. பிளாண்ட் குளிர்ச்சியைத் தயாரிக்கிறது. ஒரு பகுதி கண்டென்சரில் வீணாகிறது, ஒரு பெரும்பகுதி வெளிக்காற்றின் ஈரத்துக்குப் போகிறது, மிச்சம் இருப்பது சரியாகப் பங்கிடப்படவில்லை. கப்பல் குடியிருப்பு ஏசியை வடிவமைக்கும் ஐஎஸ்ஓ 7547 என்கிற சர்வதேசத் தரம் கோடைக்கு என்ன சொல்கிறது தெரியுமா? வெளியே 35 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் இருந்தால் உள்ளே 27 டிகிரி, 50 சதவீதம். ஆகஸ்ட் வளைகுடா அந்த 35-ஐத் தாண்டும், அதனால் சில நாள் உள்ளே 28, 29 ஆனால் பிளாண்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரே கப்பலில் ஒருவருக்கு 24, இன்னொருவருக்கு 32 என்பது வெயில் செய்கிற வேலை கிடையாது.

கண்டென்சரிலிருந்து ஆரம்பிக்கலாம். நீங்கள் எண்களை எழுதி அனுப்பியதால் பாதி நோயைக் கடிதத்திலேயே பார்த்துவிட முடிகிறது. கடல்நீர் 34-இல் போய் 37-இல் வருகிறது, 3 டிகிரிதான் ஏறுகிறது. பம்ப் தண்ணீர் போதுமான அளவு தள்ளுகிறது, தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரும் அடைக்கவில்லை என்று அர்த்தம். தண்ணீர் குறைந்திருந்தால் இந்த ஏற்றம் 7, 8 என்று போயிருக்கும். ஆனால் வெளியேறும் தண்ணீர் 37, கேஸ் 54. நடுவில் 17 டிகிரி இடைவெளி. சுத்தமான கண்டென்சரில் அது 4, 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அதாவது உங்கள் கேஜ் 42 பக்கம் காட்ட வேண்டும். தண்ணீர் இருக்கிறது, கேஸின் சூடுதான் அதற்குள் போக மாட்டேன் என்கிறது.

இதற்குக் காரணம் மூன்றில் ஒன்று: டியூபுக்குள் படிந்த பாசியும் உப்பும், கேஸோடு கலந்த காற்று, அளவுக்கு மேல் போட்ட கேஸ். வாரா வாரம் சிலிண்டர் மாட்டுகிற கப்பலில் பின்னிரண்டையும் நான் கட்டாயம் சந்தேகப்படுவேன். சார்ஜிங் ஹோஸை பர்ஜ் பண்ணாமல், அதாவது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றாமல், மாட்டினால் ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்குக் காற்று உள்ளே போகும்.

காற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். விடியற்காலையில் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு கண்டென்சருக்குத் தண்ணீரை மட்டும் ஓட விடுங்கள். உள்ளே போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். அது 33 என்றால் கேஜில் உள்ள டெம்பரேச்சர் ஸ்கேலும் 33-ஐ ஒட்டியே காட்ட வேண்டும். 38, 39 என்று நின்றால் உள்ளே காற்று இருக்கிறது. அதை ரிகவரி சிலிண்டரில் எடுங்கள், வெளியே விடாதீர்கள். கேஸ் அதிகமா என்பதை ரிசீவர் சைட் கிளாஸ் சொல்லும். அங்கே அளவு சரியாக இருக்கும்போது இன்னும் ஒரு கிலோ போட்டால், திரவம் கண்டென்சர் டியூப்களை மூடி பிரஷரை ஏற்றிவிடும். அளவு உண்மையிலேயே வாரா வாரம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. சோப்புத் தண்ணீரும் டிடெக்டரும் எடுத்துக்கொண்டு ஷாஃப்ட் சீல், ஃபிளேர் நட், கேஜுக்குப் போகும் மெல்லிய குழாய்கள் என்று ஒரு பகல் முழுக்கத் தேடுங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, ஏசி ரூம் தரையில் தேங்கி மூச்சுக்கு இடமில்லாமல் செய்யும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும், துணைக்கு ஒருவர் வாசலில் நிற்கட்டும்.

ஆனாலும் என் அனுபவத்தில் முதல் சந்தேகம் டியூப்தான். வளைகுடாவின் வெதுவெதுப்பான தண்ணீரிலேயே மூன்று மாதமாக ஓடுகிற கப்பல் இது. மின்சார பிரேக்கரை இறக்கி, யாரும் போடக்கூடாது என்று டேக் மாட்டுங்கள், தண்ணீர் வால்வுகளை மூடி வடித்துவிட்டு இரண்டு பக்கக் கவரையும் கழற்றுங்கள். நைலான் பிரஷ் மட்டும் போடுங்கள், இரும்புக் கம்பி பிரஷ் டியூபைக் கீறிவிடும், அடுத்த வருஷம் அந்தக் கீறலில்தான் ஓட்டை விழும். பிரஷுக்கு வராத கெட்டிப் படிவத்துக்கு இன்ஹிபிட்டர் கலந்த அமிலத்தைச் சுழற்றலாம், அதை சீஃப் இன்ஜினியரின் மேற்பார்வையில் செய்யுங்கள். கவரை மூடுவதற்கு முன் ஒவ்வொரு டியூப் வாயிலும் கேஸ் டிடெக்டரைக் காட்டுங்கள். வாரம் ஒருமுறை காணாமல் போகும் கேஸ் கடலுக்குள் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அரிப்பிலிருந்து காக்கும் அனோடைப் பார்க்க மறக்காதீர்கள்.

சரி, அடுத்து டாம்பர். உங்கள் கப்பலின் பெரிய திருட்டு நடக்கும் இடம் இதுதான். 2020-இல் கொரோனாவுக்காகப் பல கப்பல்களில் உள்காற்றைத் திருப்பி விடாமல் முழுக்க வெளிக்காற்றில் ஓட்டினார்கள், அன்றைக்கு அது நியாயம். அப்புறம் யாரும் திருப்பி வைக்கவில்லை, விங் நட் துருப்பிடித்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். 35 டிகிரி, 70 சதவீத ஈரமுள்ள வெளிக்காற்றில் ஒரு கிலோவுக்கு சுமார் 25 கிராம் தண்ணீர் ஆவியாக இருக்கும். 27 டிகிரி, 50 சதவீத உள்காற்றில் 11 கிராம்தான். குளிர்விக்கும் காயில் காற்றை 13 டிகிரிக்கு இறக்கும்போது 9 கிராம் மட்டுமே காற்றில் தங்கும். அதாவது ஒவ்வொரு கிலோ வெளிக்காற்றிலிருந்தும் 16 கிராம் தண்ணீரைப் பிழிந்து எடுக்க வேண்டும், காயிலின் உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு அதற்கே போய்விடும். ஒரு கிலோ வெளிக்காற்றைக் குளிர்விக்க சுமார் 63 கிலோஜூல், அலீவேயிலிருந்து (உள் நடைபாதை) திரும்பி வரும் காற்றுக்கு 19 போதும். முழுக்க வெளிக்காற்று என்றால் 63. ஐஎஸ்ஓ கேட்கும் குறைந்தபட்ச அளவான 40 சதவீத வெளிக்காற்று என்றால் ஏறக்குறைய 37. ஒரு விங் நட்டைத் திருப்பினால் காயிலின் சுமையில் 40 சதவீதம் இறங்குகிறது! எந்தப் புதுக் கம்ப்ரசர் இவ்வளவு கொடுக்கும்? காற்றைக் குளிர்வித்து கேபின்களுக்கு அனுப்பும் ஏஎச்யு ரூமில் ட்ரெயின் குழாயைப் போய்ப் பாருங்கள், விடாமல் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆயிலர் கேபினுக்குப் போக வேண்டிய குளிர்ச்சி.

40 சதவீதத்தை எப்படி வைப்பது? தெர்மாமீட்டர் ஒன்று போதும். வெளியே 36, திரும்பி வரும் காற்று 28 என்றால், இரண்டும் கலந்து காயிலுக்குள் நுழையும் இடத்தில் 31 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். அந்த இடத்தில் காற்று சரியாகக் கலந்திருக்காது, அதனால் நாலைந்து புள்ளிகளில் அளந்து சராசரி எடுங்கள். வைத்த இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அடுத்து வருகிறவருக்கு உதவும்.

அதற்காக முழுசாக மூடிவிடாதீர்கள், இதையும் பல கப்பல்களில் பார்த்திருக்கிறேன். ஆளுக்கு வினாடிக்கு 8 லிட்டர் புதுக்காற்று குறைந்தபட்சம் வேண்டும், உங்கள் 22 பேருக்கு 176 லிட்டர். அதோடு டாய்லெட், கேலி (சமையலறை) எக்ஸாஸ்ட் ஃபேன்கள் உள்காற்றை இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அதை ஈடுகட்ட டாம்பர் வழியாகக் காற்று வராவிட்டால் கதவு இடுக்கு வழியாக வரும், அதுவும் ஃபில்டரும் காயிலும் தொடாத கொதிக்கிற காற்றாக, சுண்ணாம்புத் தூசியோடு. இதைச் சோதிக்க ஒரு டிஷ்யூ பேப்பர் போதும். டெக்குக்குப் போகும் கதவைக் கால் அங்குலம் திறந்து இடுக்கில் காகிதத்தைத் தொங்க விடுங்கள். வெளிப்பக்கம் பறந்தால் நல்லது. உள்பக்கம் வளைந்தால் கேலி எக்ஸாஸ்டை சமையல் இல்லாத நேரத்தில் மெதுவாக ஓட்டுங்கள், டாம்பரைக் கொஞ்சம் திறங்கள். சக்ரில் லோடிங் நடக்கும்போது மட்டும், காகிதம் உள்பக்கம் வளையாத அளவுக்கு வெளிக்காற்றைக் குறைத்துக்கொண்டு, முடிந்ததும் கோட்டுக்குத் திருப்புங்கள். டேங்கரில் இருக்கிற நண்பர்களுக்கும் சொல்கிறேன்: கார்கோ வேலை நடக்கும்போது குடியிருப்பில் உள்காற்றின் அழுத்தம் வெளியைவிடச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும், இல்லையென்றால் கார்கோ ஆவி உள்ளே வரும். அங்கே இந்தக் காகிதச் சோதனை உயிர் விஷயம்.

ஃபில்டர், காயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தெரியாதது இல்லை. சுண்ணாம்புத் தூசி ஈரக்காற்றோடு சேர்ந்தால் காயிலின் ஃபின் தகடுகளுக்குள் பூச்சு மாதிரி இறுகிவிடும். லோடிங் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய அன்றே ஃபில்டரை ஊறவைத்துக் கழுவுங்கள். காயிலுக்கு அலுமினியத்தை அரிக்காத கிளீனர், மெதுவான நன்னீர், காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. ட்ரே ட்ரெயினில் உள்ள யு வளைவில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். அது காய்ந்திருந்தால் ஃபேன் அது வழியாகக் காற்றை இழுக்கும், ட்ரேயில் தண்ணீர் தேங்கி வழுவழுவென்று பாசி பிடிக்கும், அந்த வாசனையையும் கிருமியையும் 22 பேரும் சுவாசிப்பார்கள். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் கையோடு பார்த்துவிடுங்கள்.

இப்போது பங்கீடு. நான் செகண்ட் இன்ஜினியராக ஒரு கப்பலில் இருந்தபோது பம்ப்மேன் கேபின் இதே மாதிரி வெந்துகொண்டிருந்தது. காயில் கழுவினோம், கேஸ் பார்த்தோம், காற்று வெளிவரும் டிஃப்யூசரைக் கழற்றி மாட்டினோம், ஒன்றும் நடக்கவில்லை. மனிதர் பாவம், ராத்திரி ஈரத் துண்டைக் கட்டிலில் விரித்துப் படுப்பார். கடைசியில் ஃபிட்டர் அலீவே சீலிங்கில் ஒரு பேனலைக் கழற்றி டக்டின் இன்ஸ்பெக்‌ஷன் கவரைத் திறந்து டார்ச் அடித்தார். ஃபயர் டாம்பரின் கைப்பிடி திறந்த நிலையைக் காட்டிக்கொண்டிருந்தது, உள்ளே தகடு முக்கால்வாசி மூடிக் கிடந்தது. தகட்டையும் தண்டையும் பிணைக்கும் பின் அறுந்திருந்தது, ஒரு சின்ன விரல் நீளம்கூட இருக்காது. ஒவ்வொரு மாதமும் கைப்பிடியை ஆட்டிப் பார்த்து செக்லிஸ்டில் டிக் போட்டிருந்தோம், அதில் என் கையெழுத்தும் உண்டு. புதுப் பின் அடித்த பத்தாவது நிமிஷம் கேபினில் காற்று வந்தது. அந்தப் பம்ப்மேன் டிஃப்யூசருக்குக் கீழே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து ஃபயர் டாம்பரைக் கைப்பிடியை வைத்து நம்புவதில்லை, தகட்டைக் கண்ணால் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள். ஆனால் அதைக் கழற்றிப் போடுவதோ கட்டை வைத்துத் தடுப்பதோ கூடாது, தீ வந்தால் அது மூடியாக வேண்டும்.

காற்றை அளக்க அனிமோமீட்டர் இல்லையா? 100 லிட்டர் குப்பைப் பையைக் கசக்கிக் காற்றை எடுத்துவிட்டு டிஃப்யூசர் வாயில் பொருத்திப் பிடியுங்கள், நிறைய எத்தனை வினாடி என்று எண்ணுங்கள். 2 வினாடி என்றால் வினாடிக்கு 50 லிட்டர், 8 வினாடி என்றால் 12 லிட்டர். எல்லா கேபினிலும் செய்து ஒரு தாளில் எழுதுங்கள். யார் கேபினில் எவ்வளவு என்று டெக் வாரியாகப் படமாகத் தெரியும். அட்டையோ டேப்போ ஒட்டிய டிஃப்யூசர்களும் அப்போது அகப்படும், குளிர்கிறது என்று யாரோ ஒட்டியிருப்பார்கள். பிறகு மேல் டெக் கிளை டக்டின் டாம்பரைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, கீழே காற்றைத் தள்ளுங்கள். ஒரே நாளில் முடியாது. ஒவ்வொரு திருப்பலுக்கும் ஒரு ராத்திரி கொடுத்து மறுபடி அளங்கள்.

கீழ் டெக் கேபின்களுக்கு இன்னொரு சிக்கல்: பக்கத்துச் சுவர், இன்ஜின் ரூம் சூடு மேலே ஏறும் இன்ஜின் கேசிங்காக இருக்கலாம். உள்பேனலில் கை வைத்தால் சுடுகிறதா? சுட்டால் பின்னால் சூட்டைத் தடுக்கும் ராக்வூல் சரிந்திருக்கிறது என்று பொருள், அதை அடுத்த டிரைடாக் பழுதுபார்ப்புப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயிண்டுக்கும் கணக்கு உண்டு. வெயில் படும் செங்குத்துச் சுவர் வெளிர் நிறமென்றால் வெளிக்காற்றைவிட 12 டிகிரி கூடுதல் சூடு, அடர் நிறமென்றால் 29 டிகிரி என்று வைத்துத்தான் ஐஎஸ்ஓ சுமையைக் கணக்கிடுகிறது. படுக்கைவாட்டில் அது 16-ம் 32-ம். டெக் ஆட்களின் தலைவரான போசனிடம் வெள்ளை பெயிண்ட் ஸ்டாக் இருந்தால் துரு வழிந்த அக்கமடேஷன் சுவருக்கு முதலில் போகட்டும். போர்ட்ஹோல் திரையைப் பகலில் மூடி வையுங்கள், கண்ணாடி வழியாக வரும் வெயில் சூடு சதுர மீட்டருக்கு 350 வாட் என்பது 240 ஆகிறது.

போர்ட்டபிள் ஏசி விஷயத்தில் கம்பெனிக்கு மரியாதையாக மறுப்பு எழுதலாம். அது கேபினிலிருந்து எடுக்கும் சூட்டை ஹோஸ் வழியாக எங்கே விடும்? கடலில் போகும்போது போர்ட்ஹோலைத் திறக்க முடியாது, அதனால் அலீவேயில்தான் விடும். அலீவே காற்றுதான் ஏஎச்யுவுக்குத் திரும்புகிறது. ஒருவர் கேபின் குளிர, கம்ப்ரசர் ஓடிய சூட்டையும் சேர்த்து மற்ற 21 பேரும் வாங்கிக்கொள்வார்கள். எக்ஸ்டென்ஷன் போர்டில் இரவெல்லாம் ஓடும் மெஷின் தீ ஆபத்தும்கூட.

இனி புகார். கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம், நாம் எம்எல்சி 2006 என்பது, 2013 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இந்தியா 2015-இல் ஏற்றது. ஏசி தேவைப்படாத மிதமான தட்பவெப்பப் பகுதிகளில் வழக்கமாக ஓடும் கப்பல் தவிர மற்றவற்றில் குடியிருப்புக்கு ஏசி இருந்தே ஆக வேண்டும் என்கிறது. 1970-இல் இது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவின் பரிந்துரையாக மட்டுமே இருந்தது, கட்டாயமாக வர இத்தனை வருஷம் ஆனது. உங்கள் கப்பல் 2010-இல் கட்டியதால் ஒரு நுணுக்கம் உண்டு: கட்டுமானம், சாதனம் பற்றிய விதிகள், ஒப்பந்தம் கப்பல் பதிவான கொடி நாட்டில் அமலான பிறகு கட்டிய கப்பல்களுக்குத்தான். அதனால் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்து வாதாடாதீர்கள். குடியிருப்பு வாழத் தகுந்ததாக, நல்ல நிலையில் இருக்கிறதா என்று கேப்டனின் அதிகாரத்தில் அடிக்கடி சோதித்துப் பதிவு செய்ய வேண்டும் என்பது உங்கள் கப்பலுக்கும் பொருந்தும். அந்தப் பதிவில் எண் ஏறட்டும். ஆயிலர் கேபின், இரவு 2 மணி, 32 டிகிரி என்று ஏழு நாள் எழுதிய தாளை எந்தக் கம்பெனி சூப்பரின்டென்டன்டும் ஓரம் தள்ள மாட்டார்.

நீங்கள் ஃபோர்த். முதலில் செகண்ட் இன்ஜினியர் வழியாக சீஃப் இன்ஜினியரிடம் போங்கள், குறையாகச் சொல்லாமல் வேலைத் திட்டமாகக் கொண்டு போங்கள்: கண்டென்சருக்கு ஒரு நாள், டாம்பருக்கு அரை நாள், பங்கீட்டுக்கு ஒரு வாரம். அதிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் கப்பல் புகார் முறை இருக்கிறது. அதன் நகல் உங்கள் ஒவ்வொருவருக்கும் தரப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள். புகார் கொடுக்கும்போது துணைக்கு ஒருவரை அழைத்துப் போகும் உரிமை உண்டு. புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதை ஒப்பந்தம் தடை செய்கிறது. ஒப்பந்தத்தை ஏற்ற நாட்டின் துறைமுகத்தில் அதிகாரியிடம் சொன்னால் உங்கள் பெயரை அவர் காக்க வேண்டும். பயம் இருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் 22 பேரின் அளவீட்டுத் தாளாக அது போகட்டும், ஒருவர் குரலாகப் போக வேண்டாம் என்கிறேன்.

இதெல்லாம் நடக்கப் பத்து நாள் ஆகும். அதுவரை ஆயிலரும் மெஸ்மேனும் எங்கே படுப்பார்கள்? ஹாஸ்பிடல் அறையைக் கேட்காதீர்கள், அது நோயாளிக்கு மட்டும் என்பது விதி. ஓனர்ஸ் கேபினோ பைலட் கேபினோ காலியாக இருக்கும். கேப்டனிடம் சீஃப் கேட்டால் கிடைக்கும். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள், அந்த அட்டையை ஸ்டோருக்குத் திருப்பி அனுப்புங்கள். கண்டென்சர் கவரைத் திறந்ததும் உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், முடிந்தால் படத்தோடு.